ஒன்றும் தெரியாத அவளுக்கு

கம்ப்யூட்டர் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள் நாத்தனார். இவள் போய் மேசையை அப்படியே கீழே அழுத்தினாள். மேசைக்கால் நாத்தனாரின் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி இறங்கியது.

“இத நகத்த வேணாம் அண்ணி.”

“அப்ப வர்றவங்க எங்க உக்காருவாங்க, உன் தலை மேலயா? அவனே போயிட்டான். இனிமே இந்த வீட்டுல இதை யாரு தொடப்போறா?”

இவளுக்குப் பதில் தொண்டைவரை வந்தது. பதினான்கு வருஷமாக அங்கே வந்து நின்று பழகிய பதில், வந்த வழியே திரும்பிப் போகவும் அதற்குத் தெரியும்.

அடுத்த அறையில் சவப்பெட்டிக்குள் இவள் கணவர் படுத்திருந்தார். மூன்று நாளைக்கு முன்பு, பாடம் நடத்தப் போன பயிற்சி மையத்தின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மனுஷர், எத்தனை பேருக்குக் கண் திறந்துவைத்தார் என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு, கண்ணீரோடு ஒரு சிரிப்பும் சிரித்தார்கள். “நீதானே அந்த பிகினர்?”

அவர் புத்தகம் எழுதுகிறவர். கதை கிதை இல்லை. கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்கிற மென்பொருளை, அதைக் கண்ணாலும் பார்த்திராதவர்களுக்குச் சொல்லித்தருகிற புத்தகம். இதைத் திற, அதை அழுத்து, இங்கே இழு என்று படிப்படியாகப் போகும். முதல் அத்தியாயத்தில் ஒரு கோப்பை, கடைசியில் நாற்காலி, மேசை, ஜன்னலோடு முழுசாக ஒரு அறை. மென்பொருள் மாறும்போதெல்லாம் பட்டன்கள் இடம் மாறும், புத்தகமும் புதுப் பதிப்பு காணும். பதினான்கு வருஷத்தில் ஏழு பதிப்பு. ஏழிலும் மூன்றாம் பக்கத்தில் ஒரே சமர்ப்பணம்: ‘ஒன்றும் தெரியாத அவளுக்கு.’

அந்த அவள் இவள்தான்.

அவர் வேலை செய்கிற முறை அப்படி. ஒரு அத்தியாயம் எழுதி முடித்ததும் இவளைக் கூப்பிடுவார். “பிகினர், வா.” அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டு வர வேண்டும். இவள் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்து, படித்ததை மட்டும் செய்ய வேண்டும். ஊகிக்கக் கூடாது. போன தடவை செய்த ஞாபகத்தில் எதையும் செய்யக் கூடாது. அவர் பின்னால் ஸ்டூல் போட்டு, மடியில் நீள நோட்டும் கையில் ஸ்டாப்வாட்சுமாக உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். இவள் எங்கே தடுக்கி நிற்கிறாளோ அங்கே புத்தகத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். வேறு வீடுகளில் பெண்டாட்டி தெரியாமல் முழித்தால் திட்டுவார்கள். இந்த வீட்டில் முழித்தால் மெச்சுவார்கள். புது மனுஷர் யார் வந்தாலும் அவர் இவளைக் காட்டி, “ஏழாவது தடவையா அதே கோப்பையச் செய்றா, முதல் தடவை மாதிரியே முழிக்கிறா, இந்த மாதிரி ஆள் கோடியில ஒண்ணு” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். இவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

இரண்டாம் பதிப்பு முடிந்த சமயம், தனக்கும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒருநாள் கேட்டாள். பிள்ளை குட்டி இல்லை, பகல் முழுக்க வீட்டில் சும்மாதான் கிடக்கிறேன், கற்றுக்கொண்டால் உங்களுக்கே ஒத்தாசையாக இருக்கும் என்று சொன்னாள். அவர் கொஞ்சநேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு இவள் தோளில் கை வைத்துச் சொன்னார்:

“நீ கத்துக்கிட்டா எனக்கு யாரு இருக்கா? கத்துக்குடுக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். தெரியாம இருக்கத்தான் ஆள் கிடைக்கல.”

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர் காலை பத்துக்குப் பயிற்சி மையம் போனால் நாலரைக்குத்தான் வருவார். மறுவாரமே இவள் அவருடைய இன்னொரு புத்தகத்தை எடுத்தாள், முதல் புத்தகத்தில் தேறியவர்களுக்காக எழுதியது. பத்தேகாலுக்கு உட்கார்ந்து நாலு மணிக்கு எழுந்தாள். நாற்காலியை அவர் உயரத்துக்கு ஏற்றி வைப்பாள், மவுஸை அவர் வைத்த இடத்திலேயே வைப்பாள். ஒரு வருஷத்தில் அந்தப் புத்தகம் தீர்ந்தது. பிறகு புத்தகம் தேவைப்படவில்லை. வீட்டுக் குழாயைச் செய்தாள், தையல் மெஷினை ஊசி நூல்வரை செய்தாள், மாடிப்படியைச் செய்தாள், எதிர்வீட்டு நாயைச் செய்தாள். எல்லாவற்றையும் ‘துவைக்கும் மெஷின் ரிப்பேர்’ என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு வைத்தாள். அவர் எந்த ஜென்மத்திலும் திறக்க மாட்டார் என்கிற நிச்சயம். இருநூற்றுச் சொச்சம் உருவங்கள் அதற்குள் இருந்தன.

நாலரைக்கு அவர் வந்து “பிகினர், வா” என்பார். இவள் போய் உட்கார்ந்து முழிப்பாள்.

தெரிந்தவள் தெரியாதவளாக நடிப்பது லேசு இல்லை. கை தானாக ஓடும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். எங்கே தடுக்குவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கண்ட இடத்தில் தடுக்கினால் கண்டுபிடித்துவிடுவார், தடுக்காமலே போனால் நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே, இதை முதல்முறை படிக்கிற ஒருத்தி எங்கே விழுவாள் என்று தேடித் தேடி அந்த இடமாகப் பார்த்து விழுந்தாள். நான்கு பதிப்புகள் அப்படிப் போயின.

ஏழாவதில் மாட்டிக்கொண்டாள். முப்பத்தேழாம் பக்கம். அந்த மென்பொருளில் ஒரு உருவத்துக்கு வெளியே நின்றால் முழுசாகத்தான் நகர்த்தலாம். உள்ளே போனால்தான் அதன் முகங்களையும் விளிம்புகளையும் தொட்டு மாற்றலாம். உள்ளே போக டேப் விசையை அழுத்த வேண்டும். அந்த வரியை எழுத அவர் மறந்திருந்தார். இவள் சுண்டுவிரல் யாரையும் கேட்காமல் அதை அழுத்திவிட்டது. அழுத்தியதே இவளுக்குத் தெரியாது. பக்கம் தேறிவிட்டது, புத்தகம் அச்சாகிவிட்டது.

வாங்கியவர்கள் அத்தனை பேரும் முப்பத்தேழாம் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். எந்த விசையை அழுத்தினாலும் கோப்பை முழுசாக நகர்ந்து ஓடியது. கடிதம், போன், பயிற்சி மையத்தில் ஒரு வகுப்பே அவரைக் கேள்வி கேட்டது. ஆரம்பமே தெரியாதவர் ஆரம்பநிலைப் புத்தகம் எழுதுகிறார் என்று ஒருவன் எழுதினான், அதை நாலு பேர் அவருக்கே அனுப்பிவைத்தார்கள். கடைசியில் திருத்தச் சீட்டு அடித்து, விற்காத பிரதிகளில் எல்லாம் இந்த அறையில் உட்கார்ந்து அவரும் இவளுமாக ஒட்டினார்கள். அவர் அன்று ஒன்றும் பேசவில்லை. நான்தான் என்று சொல்ல இவள் எத்தனையோ முறை வாயெடுத்தாள். சொன்னால் அத்தனை வருஷ நடிப்பும் சேர்ந்தல்லவா வெளியே வரும்!

பதினோரு மணிக்குப் பதிப்பாளர் வந்தார். கூடவே ஒரு லெக்சரரும் வந்தார். இறந்தவரின் மாணவராக இருந்து, பிறகு அதே பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பதிப்பாளர் பெட்டியின் பக்கத்தில் நின்று நிஜமாகவே அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு இவளிடம் வந்து, “பிகினர் மேடம், என்ன சொல்றதுன்னே தெரியல” என்றார். பிறகு சொல்ல வேண்டியது எல்லாம் தெரிந்தது.

எட்டாம் பதிப்பில் பன்னிரண்டு அத்தியாயங்களில் ஆறு தயாராக இருக்கிறது. இரண்டு மாதத்தில் வகுப்புகள் திறக்கின்றன. அதற்குள் புத்தகம் வராவிட்டால் முப்பத்தேழாம் பக்கத்து அவப்பெயர்தான் அவருக்கு நிற்கும். மீதி ஆறையும் லெக்சரர் எழுதுவார், சார் பெயருக்குக் கீழே லெக்சரர் பெயரும் வரும். இதையெல்லாம் தாழ்ந்த குரலில் மரியாதையாகத்தான் சொன்னார். ஃபைல்களை எடுத்துக்கொள்ள ஹார்டு டிஸ்க் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள், ஆனால் பிடுங்க வந்தவனே அழவும் அழுதால் என்ன செய்வது?

“நீங்க வழக்கம்போல உக்காந்து பாத்துக் குடுத்தா போதும் மேடம்,” என்றார் பதிப்பாளர். “உங்களால முடிஞ்சது. சாருக்கு அதுதான் திருப்தி.”

நாத்தனார் பக்கத்திலிருந்து, அதுகூடச் செய்யமாட்டாளா, அதுதானே இவள் வேலை என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். இவளை யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் முடிவெடுக்க மற்றவர்கள்தானே இருக்கிறார்கள். மீதியை நான் எழுதுவேன் என்கிற வாக்கியம் இவள் வாய்க்குள் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். தெரியும் என்றால் முப்பத்தேழாம் பக்கம் வரும். செத்துப்போன மனிதன் சுமந்த அவமானம் இவள் பொய்யால் வந்தது என்று, அவர் இன்னும் வீட்டில் இருக்கும்போதே, அவர் அக்கா முன்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

லெக்சரர் கூச்சத்தோடு, சாருடைய சோதனை நோட்டுகளும் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றார். இவள் அலமாரியைத் திறந்தாள்.

எட்டு நீள நோட்டுகள். பக்கம், படி, எத்தனை வினாடி, எங்கே தடுக்கினாள் என்று கோடு போட்டு அவர் கையெழுத்து. அவர் உயிரோடு இருந்தவரை இவள் இவற்றைத் தொட்டதில்லை. மாணவி விடைத்தாளைப் பார்க்கக் கூடாதாம். ஏழாவதை எடுத்தாள். முப்பத்தேழாம் பக்கம், பதினான்காம் படி. மற்ற படிகளுக்கு நேரே முப்பது, நாற்பது, ஐம்பத்திரண்டு என்று வினாடிகள் இருந்தன. இதற்கு நேரே மூன்று. அந்த மூன்றைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில், அதே சிவப்பில், பிற்பாடு எழுதியது: ‘சொல்லாமலே அழுத்தியிருக்கிறாள். தெரிந்திருக்கிறது.’

தேதியும் போட்டிருந்தார். சீட்டு ஒட்டிய வாரம்.

இவள் கை எட்டாவது நோட்டுக்குப் போனது. கடந்த ஒரு வருஷம், ஆறு அத்தியாயங்கள்.

‘பக்கம் 12, படி 5. தடுக்கினாள். பொய்.’

‘பக்கம் 19, படி 2. தடுக்கினாள். பொய். ஆனால் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் விழுவார்கள். திருத்தினேன்.’

‘பக்கம் 44, படி 9. பொய். சரியான இடம். எனக்குத் தோன்றவே இல்லை. திருத்தினேன்.’

இப்படி முப்பத்தொரு பொய். முப்பத்தொன்றையும் எண்ணினாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் திருத்தினேன், திருத்தினேன் என்று இருந்தது. ஒரு வருஷம் இவள் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நடிக்கிறாள் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் நடிப்பிலிருந்து புத்தகத்துக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். முடிந்ததும் “அப்பாடா, என்ன முழி முழிக்கிறா” என்று சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். நோட்டின் கடைசியில் எட்டாம் பதிப்பின் முன்பக்கங்களை அச்செடுத்து மடித்து வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். ‘ஒன்றும் தெரியாத அவளுக்கு.’

மாற்றவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு எழுத்து மாற்றவில்லை.

நோட்டை இடுக்கிக்கொண்டு பெட்டி இருந்த அறைக்குப் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவருக்கு யாரோ தலையை இடப்பக்கமாக வாரிவிட்டிருந்தார்கள், அவர் வாருவது வலப்பக்கம். இவள் குனிந்து, ரொம்பக் கிட்டத்தில், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“உனக்குத் தெரியுமான்னு ஒரு வார்த்தை. கேட்டிருக்கலாம்ல? நான் சொல்லியிருப்பேன்ல?”

சொல்லியிருப்பாளா என்று இவளுக்கே தெரியாது. அதுவும் சேர்ந்து பற்றிக்கொண்டு வந்தது. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் எழுந்துவந்து தோளைப் பிடித்தார்கள். அழுதிடும்மா, அழுதாத்தான் பாரம் குறையும் என்றார்கள். இவள் தோளை உதறினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அந்த மனிதனை உட்காரவைத்து, நோட்டை முன்னால் போட்டு, வரி வரியாகச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. முப்பது வருஷத்துக்குக் காணும்படியான சண்டை, போட எதிராளி இல்லை. சாவில் இவளால் தாங்க முடியாதது அதுதான்.

திரும்பி வந்தபோது லெக்சரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபைல்களைத் தேடிக்கொண்டிருந்தார். பதிப்பாளர் பின்னால் ஸ்டூலில் இருந்தார். நாத்தனார் கதவோரம் நின்று யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரிங்க தம்பி,” என்றாள் இவள்.

லெக்சரர் எழுந்துவிட்டார்.

“முப்பத்தேழாம் பக்கம் அவர் தப்பு இல்ல. என் தப்பு. எனக்கு இது எல்லாம் தெரியும். பன்னெண்டு வருஷமா தெரியும். தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன். அன்னைக்குக் கை தானா அழுத்திடுச்சு, நான் கவனிக்கல. மீதி ஆறு அத்தியாயமும் நான்தான் எழுதுவேன்.”

நாத்தனார் போனை அணைத்தாள். இவளை மேலும் கீழும் பார்த்தாள். கத்தவில்லை.

“ஆறு மாசம் அவன் தூங்கல,” என்றாள். “எனக்குப் போன் பண்ணி அக்கா, எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சுன்னு சொன்னான். நீ பக்கத்துலதான படுத்திருந்த?”

“ஆமா அண்ணி.”

“பக்கத்துல படுத்துக்கிட்டே பாத்திருக்க.”

“ஆமா.”

அவருக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நோட்டு கக்கத்தில்தான் இருந்தது. பிரித்துக் காட்டினால் பாதிப் பழி அங்கே போகும். ஆனால் வாய் திறக்க முடியாதவரைச் சாட்சிக்கு இழுக்க இவளுக்கு மனம் வரவில்லை. இவர்கள் சண்டை இவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். நாத்தனார், இவள் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டி இருந்த அறைக்குப் போய்த் தம்பியின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

பதிப்பாளர் தொண்டையைச் செருமினார். துக்கத்தில் இருக்கிறீர்கள், இப்போது எதையும் பேச வேண்டாம் என்று தொடங்கினார். சாரின் நினைவாக உங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுவது இயற்கைதான் என்றார். லெக்சரர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் ‘துவைக்கும் மெஷின் ரிப்பேர்’ ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தாள். தையல் மெஷினில் ஊசிக் காதுவரை அவர் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு பதிப்பாளரிடம் மெல்ல, இது என்னாலேயே முடியாது சார் என்றார். நல்ல பையன்தான்.

பதிப்பாளர் அதற்கும் அசையவில்லை. “செய்யத் தெரியுது மேடம், ஒத்துக்கறேன். சொல்லிக்குடுக்கத் தெரியணும்ல? புத்தகம்னா அதுதான். அது சாருக்குத்தான் வரும்.”

“உங்களுக்கு இது தெரியுமா?”

“எனக்கு எங்க மேடம்!”

“பதினாலு வருஷமா விக்கறீங்க.”

“விக்கத்தான் தெரியும்.”

“அப்ப இங்க வந்து உக்காருங்க.”

பதிப்பாளர் லெக்சரரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். சாவு வீட்டில் துக்கத்துக்கு உரியவள் சொன்னால் மறுக்க முடியாது. வந்து உட்கார்ந்தார். இவள் ஸ்டூலை இழுத்து அவர் பின்னால் போட்டுக்கொண்டாள்.

எழுதாமல் விட்ட ஏழாம் அத்தியாயத்துக்குக் கணவர் தலைப்பு மட்டும் போட்டு வைத்திருந்தார்: வாளி. இவள் வாளியைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும், புரியாவிட்டால் பேசாமல் கையைத் தூக்க வேண்டும் என்றாள். மேலே ‘ஆட்’ என்று இருக்கும், அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விழும், அதில் சிலிண்டர். வந்துவிட்டதா? அது வாளி இல்லை, வெட்டிப்போட்ட மரத்துண்டு. அதற்குள் போக இடக்கைச் சுண்டுவிரலால் டேப். பிறகு மூன்றாம் நம்பர் விசை, அப்போதுதான் முகங்களைத் தொடலாம். இப்போது மரத்துண்டின் மேல்வட்டத்தை மட்டும் க்ளிக் செய்யுங்கள். எஸ் விசையை அழுத்திவிட்டு, கையை எடுத்துவிட்டு, மவுஸை வெளிப்பக்கம் தள்ளுங்கள்.

மேல்வட்டம் விரிந்தது. பதிப்பாளர் முதுகு நிமிர்ந்தது.

க்ளிக். ஐ விசை, உள்பக்கம் கொஞ்சம். க்ளிக். ஈ விசை, இப்போது கீழே இழுங்கள், அடிவரை, அடியைத் தொடக் கூடாது. க்ளிக்.

மரத்துண்டு குடைந்துகொண்டு உள்ளே போய் வாளி ஆனது. பதிப்பாளர் “அட!” என்று சிரித்துவிட்டார், பெரிய சிரிப்பு. பக்கத்து அறையில் பேச்சு நின்றது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கை மவுஸை விடவில்லை. வாளியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். ஏழு பதிப்பு விற்றவருக்கு இது முதல் வாளி.

“அடுத்து மேடம்?”

அவர் குடைந்துகொண்டிருந்த நேரத்தில் இவள் ஒரு தாளை எடுத்து வாளியின் பிடிக்கான படிகளை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வளையத்தைச் சேர்த்து, நிமிர்த்தி, மேலே ஏற்றி, அதன் கீழ்ப்பாதியை மவுஸால் வளைத்துப் பிடித்து அழிக்க வேண்டும். அழித்தால் மேல்பாதி பிடியாக நிற்கும். ஒன்பது படிகள். கிறுக்கல் இல்லாமல் எண் போட்டு எழுதினாள். தன் கையால் எழுதிய முதல் பக்கம் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. நேரமாச்சு, எடுக்கப்போறாங்க என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

தாளைப் பதிப்பாளர் முன்னால் வைத்தாள். இதைப் படித்துச் செய்யுங்கள், அந்தத் தம்பியைக் கேட்கக் கூடாது என்றாள். லெக்சரர் பெட்டி தூக்கக் கை கொடுக்கப் போய்விட்டார். பதிப்பாளர் தலையாட்டினார். கேட்டாரோ இல்லையோ, கண் தாளில் இருந்தது.

இவள் போய்ப் பெட்டியருகே நின்றாள். வாரிவிட்ட தலைமயிரைக் கையால் வலப்பக்கம் தள்ளிவிட்டாள். நாத்தனார் எதிர்ப்பக்கம் நின்றாள், இவளைப் பார்க்கவில்லை. மூடியைப் போட்டார்கள். ஆறு பேர் குனிந்தார்கள், ஒன்றாகத் தூக்கினார்கள். குறுகலான வீடு. வாசலுக்குப் போக, கம்ப்யூட்டர் அறைக் கதவைத் தாண்டித்தான் பெட்டி போக வேண்டும். கதவுக்கு நேரே வந்ததும் முன்னால் போனவர்கள் நின்று தோள் மாற்றினார்கள். இவள் உள்ளே பார்த்தாள்.

திரையில் வாளி. அதன்மேல் வளையம். கீழ்ப்பாதியில் முன்பக்கத்துத் தோல் மட்டும் போய், பின்பக்கம் அப்படியே நின்றது. அழித்துப் பார்த்து, பழையபடி கொண்டுவந்து, மறுபடி அழித்திருக்கிறார். மறுபடியும் பின்பக்கம் நின்றிருக்கிறது. வளைத்துப் பிடிப்பதற்கு முன்னால் உருவத்தைக் கண்ணாடிபோல் ஆக்குகிற ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால்தான் பின்னால் மறைந்திருப்பதும் பிடியில் வரும். ஒன்பது படிகளில் அந்த வரி இல்லை. இவள் எழுதவில்லை. இவள் கை அதைத் தானாகச் செய்துகொள்ளும்.

“போலாமா?” என்றார் முன்னால் தூக்கியவர்.

பெட்டி நகர்ந்தது. பதிப்பாளர் திரும்பிப் பார்க்கவில்லை. வலக்கை மவுஸில் இருந்தது. சொன்னபடி இடக்கையை உயரத் தூக்கிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.